போட்டோ மாதிரி இருந்தால் போதுமா?

தத்ரூபமாக வரைகிறவருக்கு நம் ஊரில் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு, ‘அப்படியே போட்டோ மாதிரி இருக்கு’ என்பதுதான். புலியின் மீசையை முடி முடியாக இழுத்த பென்சில் படங்களும், பாட்டியின் முகச் சுருக்கங்களை ஒன்றுவிடாமல் காட்டும் எண்ணெய் வண்ணப் படங்களும் சமூக ஊடகங்களில் ஓயாமல் சுற்றுகின்றன. ஐந்தாண்டுகளுக்கு முன் வரைந்த யானையையும் போன வாரம் வரைந்த யானையையும் அருகருகே வைத்துத் தங்கள் வளர்ச்சியைக் காட்டும் இளைஞர்கள் ஏராளம். பழைய படத்தில் கோடு தடுமாறும், நிழல் அழுக்காகத் தெரியும். புதியதில் தோலின் ஒவ்வொரு வெடிப்பும் துல்லியமாக இருக்கும். கை தேர்ந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு படங்களிலுமே யானை ஒரே மாதிரி தவறாக நிற்கக்கூடும். அத்தனை பெரிய உடலின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பது இரண்டிலும் தெரியாது. அந்தப் பிழையை யாரும் கவனிப்பதில்லை, வரைந்தவர் உட்பட. தத்ரூப ஓவியரின் வளர்ச்சியை நாம் கையை வைத்து அளக்கிறோம். வரையப்படும் உயிரை அவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதை வைத்து அளக்க வேண்டும். ஓவியக் கல்லூரிகளும் போட்டி நடுவர்களும் படம் வாங்குகிறவர்களும் இந்த அளவுகோலுக்கு மாறாத வரை, திறமையான கைகள் பெருகிக்கொண்டே இருக்கும். நல்ல விலங்கோவியங்களும் நல்ல உருவப்படங்களும் அபூர்வமாகவே கிடைக்கும்.

கைத்திறன் வேறு, அறிதல் வேறு என்பதற்கு ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 1502இல் அவர் நீர்வண்ணத்தில் தீட்டிய முயல் இன்று வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகில் எந்த இடத்து ரோமம் எந்தத் திசையில் படிகிறது என்பது முதல் எல்லாம் அதில் உண்டு. கண்ணில் சன்னல் சட்டத்தின் பிரதிபலிப்புகூடத் தெரியும். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே கை ஒரு காண்டாமிருகத்தை வரைந்தது. குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷா போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகெர்க்கிற்குக் கொடுத்தனுப்பிய விலங்கு அது. 1515 மே மாதம் லிஸ்பனில் கரையிறங்கியது. டியூரர் அதைப் பார்க்கவே இல்லை. நியூரம்பர்க்கில் இருந்தபடி, ஒரு கடிதத்தையும் ஒரு கோட்டுப்படத்தையும் நம்பி மரக்கட்டை அச்சுக்காக வரைந்தார். தகடு தகடாகப் பூட்டிய கவசம் அணிந்த உடல், செதில் மூடிய கால்கள், தோள்களுக்கு நடுவே முதுகில் முளைத்த இன்னொரு சின்னக் கொம்பு என்று ஒரு விலங்கு உருவானது. கோட்டில் ஒரு குறையும் இல்லை. முயலை வரைந்த காலத்தைவிட அனுபவமும் கூடியிருந்தது. விலங்குதான் பொய்யாகிப்போனது. கோடு அவ்வளவு நம்பும்படி இருந்ததால் அந்தப் பொய் ஐரோப்பாவில் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 1741இல் கிளாரா என்ற பெண் காண்டாமிருகம் இந்தியாவிலிருந்து ராட்டர்டாம் வந்து ஊர் ஊராகக் காட்டப்பட்டது. 1749இல் பாரிஸில் ழான்-பாப்டிஸ்ட் ஊத்ரி அதை நேரில் பார்த்து முழு அளவில் தீட்டினார். அதன் பிறகே முதுகுக் கொம்பு மெல்லக் காணாமல் போகத் தொடங்கியது.

டியூரர் விதிவிலக்கு என்று சொல்ல முடியாதபடி, இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் இதே கதை மறுபடி நடந்தது. குதிரை ஓவியர் என்று உலகம் அறிந்த ஜார்ஜ் ஸ்டப்ஸ், லிங்கன்ஷயரின் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொண்டு, சுமார் ஒன்றரை ஆண்டு செத்த குதிரைகளை அறுத்துப் பார்த்தார். உடலைக் கொக்கிகளில் தொங்கவிட்டு, நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, தோலுக்கு அடியில் தசை, தசைக்கு அடியில் எலும்பு என்று அடுக்கடுக்காக உரித்து வரைந்தார். அந்த நாற்றத்தை எப்படித் தாங்கினாரோ! 1766இல் வெளிவந்த அவருடைய குதிரை உடற்கூற்று நூல் அந்த உழைப்பின் பலன். லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்தில் நிற்கும் ‘விசில்ஜாக்கெட்’ குதிரையும் அதன் பலன்தான். பின்னணியே இல்லாத வெறும் வண்ணப் பரப்பில் அந்தக் குதிரை எழும்பி நிற்கிறது. தரை வரையப்படாதபோதும் அது தரையில் ஊன்றியிருப்பதை நாம் நம்புகிறோம். இதே ஸ்டப்ஸ் 1772இல் ஒரு கங்காருவை வரைந்தார். கேப்டன் குக்கின் பயணத்தில் கொண்டுவரப்பட்ட தோலை ஊதி உப்பவைத்து, அதைப் பார்த்து வரைந்த படம் அது. கங்காரு என்ற பெயரில் அங்கே குந்தியிருப்பது ஒரு பெரிய எலி. குதிரையின் தோலுக்குள் என்ன இருக்கிறது என்று ஸ்டப்ஸுக்குத் தெரிந்திருந்தது. கங்காருவின் தோலுக்குள் அவருக்குக் கிடைத்தது காற்று மட்டும்.

நம் நாட்டில் இந்தப் பார்வையின் சிகரம் முகலாய மன்னர் ஜஹாங்கீரின் அவையில் இருந்த உஸ்தாத் மன்சூர். ஒரே படத்தில் கண்ணை ஒருவரும் புருவத்தை வேறொருவரும் வரைந்திருந்தால்கூடத் தன்னால் கண்டுபிடிக்க முடியும் என்று பெருமையடித்துக்கொண்ட மன்னர் அவர். பெருமையில் பாதியைக் கழித்துவிட்டாலும், அப்படிப்பட்ட எஜமானிடம் ஏமாற்று வேலை செல்லாது. 1621இல் அவைக்கு ஒரு வரிக்குதிரை வந்தபோது, யாரோ கோடு போட்டுவிட்டார்கள் என்று பலர் சந்தேகப்பட்டார்கள்; சோதித்துப் பார்த்து உறுதி செய்த பிறகே அது அதிசயமாக ஏற்கப்பட்டது. மன்சூர் வரைந்தது அந்தச் சோதனையைத் தாண்டி வந்த விலங்கை. அவர் தீட்டிய சைபீரியக் கொக்கு கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலை அறிவியல் அந்தப் பறவையை விவரித்துப் பெயரிட்டது 1773இல். மன்சூரின் படம் அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. சிறகுகளை ஒவ்வொன்றாகத் தீட்டியதால் மட்டும் அது நிற்கவில்லை. அலகின் அடியில் முகத்தின் வெறுந்தோல் எங்கே முடிந்து வெண்சிறகு எங்கே தொடங்குகிறது என்பது வரைந்தவருக்குத் தெரிந்திருந்தது. பரத்பூருக்கு வலசை வந்துகொண்டிருந்த அந்தக் கொக்குகள் 2002க்குப் பிறகு அங்கே காணப்படவில்லை. இனி அங்கே யாராவது அதை வரைய நினைத்தால், மன்சூருக்குக் கிடைத்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்காது.

இவையெல்லாம் கேமரா வருவதற்கு முந்தைய கதைகள், டியூரர் கையில் காண்டாமிருகத்தின் ஒரு புகைப்படம் இருந்திருந்தால் முதுகுக் கொம்பு முளைத்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முளைத்திருக்காது. கேமரா ஓவியர்களைத் திருத்திய வரலாறும் உண்டு. பாய்ந்தோடும் குதிரை முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டியபடி காற்றில் மிதக்கும் என்றே ஓவியர்கள் காலங்காலமாக வரைந்தார்கள். 1821இல் ஜெரிக்கோ தீட்டிய எப்சம் பந்தயப் படத்தின் குதிரைகள் அப்படித்தான் பறக்கின்றன. 1878இல் கலிபோர்னியாவில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்கள், நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுவது உண்மை, ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும் என்று காட்டின. சாதாரணக் கண்ணுக்கு எட்டாததைக் கேமரா எட்டும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கேமரா கைக்கு வந்ததும் ஓவியர்களின் பிழை ஒழிந்துவிட்டதா? ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை எண்ணிப் பார்த்தது. நாலுகால் விலங்குகள் நடப்பதைக் காட்டும் 1,000 படைப்புகளை எடுத்துக்கொண்டு, கால்களின் நிலை சரியா என்று சோதித்தார்கள். மைபிரிட்ஜின் படத் தொகுப்பு வந்த 1887க்கு முந்தைய ஓவியர்களின் படைப்புகளில் 83.5 சதவீதம் தவறு. அதற்குப் பிந்தையவற்றில் 57.9 சதவீதம். ஆதிமனிதர்களின் குகை ஓவியங்களிலோ 46.2 சதவீதம்தான்.

இந்த மூன்று எண்களையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கேமரா உதவியிருக்கிறது; 83.5 என்பது 57.9 ஆனது சின்ன மாற்றமில்லை. ஆனால் கல்லூரியும் பாடநூலும் புகைப்படமும் இல்லாத குகைவாசி, இவை எல்லாம் இருந்த நவீன ஓவியரைவிடக் குறைவாகத் தவறியிருக்கிறார். அவரும் பாதிக்குப் பாதி தவறினார் என்பதை மறைக்க வேண்டாம். ஆனாலும் அவருக்கு விலங்கு என்பது இரை, ஆபத்து, அன்றாடம். பின்னங்கால் ஊன்றியதும் அதே பக்கத்து முன்னங்கால் எழும் என்பதை மந்தையின் பின்னால் நடந்து நடந்து அறிந்தவர். எல்லார் சட்டைப்பையிலும் கேமரா இருந்தும் யானைப் படங்கள் ஏன் தள்ளாடுகின்றன என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது. புகைப்படம் ஒரு கணத்தைத் தரும். அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று தெரிந்தவருக்குத்தான் அதில் எது முக்கியம், எது தற்செயல் என்று பிரிக்கத் தெரியும். தெரியாதவர் எல்லாவற்றையும் சமமாக நகலெடுப்பார். நடக்கும் புலியின் தோள்பட்டை எலும்பு முதுகுக்கோட்டுக்கு மேலே எழுந்து தாழும். பார்த்துப் பழகாதவருக்குப் புகைப்படத்தில் அது வெறும் நிழல் திட்டு. வரிகளை எண்ணி எண்ணிப் போட்டுவிட்டு அந்த மேட்டைத் தட்டையாக்கிவிடுவார். டெலிபோட்டோ லென்ஸ் தூரங்களை நெருக்கி விலங்கைத் தட்டையாக்கும், பின்னணியை மங்கலாக்கும். இன்று வரையப்படும் காட்டுயிர்ப் படங்களில் பின்னணி பெரும்பாலும் லென்ஸின் மங்கல்தான். மனிதக் கண் காட்டை அப்படிப் பார்ப்பதில்லை.

உருவப்படத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. கைபேசியை முகத்துக்கு அருகில் பிடித்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கியிருக்கும். அதன் மேல் கட்டம் போட்டு அப்படியே பெரிதாக்கினால், அளவில் பிசகே இல்லாத, ஆனால் அந்த மனிதரைப் போல இல்லாத ஒரு முகம் வரும். தோலின் நிறமோ இன்னொரு பள்ளம். ஐரோப்பிய முகங்களைத் தீட்டும் பாடங்களைப் பார்த்துப் பழகிய மாணவர் இளஞ்சிவப்பு ‘ஃபிளெஷ் டின்ட்’ குழாயிலிருந்து தொடங்கி, அதில் பழுப்பையும் கறுப்பையும் கலந்து தமிழ் முகத்தைத் தேடுகிறார், கிடைப்பது சாம்பல். கறுத்த தோலில் சன்னல் வெளிச்சம் பட்டால் மினுக்கம் குளிர்ந்த நீலத்தை நோக்கிப் போகும், நிழல் செம்மையை நோக்கிப் போகும். இது ஆளை எதிரே உட்காரவைத்துப் பார்த்தால் தெரிவது. கைபேசிக் கேமரா தானாக வெளுக்கவைத்த படத்தில் தெரியாது. கும்பகோணம் பகுதியிலிருந்து வந்து, 2021 ஜூனில் கொரோனாவில் நம்மை விட்டுப் போன ஓவியர் இளையராஜாவின் படங்களை ஏன் இவ்வளவு பேர் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள்? அவரையும் ‘போட்டோ மாதிரி’ என்றுதான் பாராட்டினோம். அது அவருக்கு இழைத்த அநீதி என்றே சொல்வேன். வாசல்நிலையில் சாய்ந்த ஒரு கிராமத்துப் பெண்ணின் கன்னத்தில் ஓட்டு வீட்டின் அரையிருட்டு எந்த நிறத்தில் படியும் என்பதை அவர் அறிந்திருந்தார். எந்தப் புகைப்படமும் அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்காது.

முழுமை பெற்ற பளபளப்பைவிட நேர்ப்பார்வையின் பதிவு வலுவானது என்பதற்கு ஒரே முகத்தின் இரண்டு படங்கள் சான்றாக இருக்கின்றன. 1618இல் அபினியாலும் குடியாலும் உருக்குலைந்து சாகக் கிடந்த தன் அதிகாரி இனாயத் கானைப் பார்த்துத் திகைத்த ஜஹாங்கீர், அவரை வரையும்படி ஓவியர்களுக்குச் சொன்னார். அதன் கோட்டோவியம் பாஸ்டனிலும், வண்ணம் தீட்டி முடித்த படம் ஆக்ஸ்போர்டிலும் இருக்கின்றன. வண்ணப்படத்தில் திண்டும் விரிப்பும் துணியும் அழகாக முடிக்கப்பட்டிருக்கின்றன. கோட்டோவியத்தில் அதிகம் ஒன்றும் இல்லை. விலா எலும்புகளும், பெருத்துத் தெரியும் கண்குழிகளும், தலையைத் தாங்க முடியாத கழுத்தும்தான். இரண்டில் பார்ப்பவரைத் தூங்கவிடாமல் செய்வது கோட்டோவியம்.

பெரிய ஓவியர்களே புகைப்படத்தைப் பயன்படுத்தினார்களே என்று அடுத்த மறுப்பு வரும். உண்மைதான், ராஜா ரவிவர்மாவும் பயன்படுத்தினார். ஆனால் பரோடா அரசருக்காகப் பதினான்கு புராணப் படங்கள் தீட்டும் பணி வந்தபோது, அவர் தம்பியுடன் புறப்பட்டு வட இந்தியாவைச் சுற்றிவந்தார். எந்த ஊரில் எப்படி உடுத்துகிறார்கள் என்பதை நேரில் பார்த்த பிறகே கித்தான் முன்னால் நின்றார். அப்படிப்பட்டவருக்குப் புகைப்படம் ஒரு நினைவுக் குறிப்பு. புகைப்படத்தைத் தவிர வேறெதுவும் தெரியாதவருக்கு அது எஜமான். இறந்துபோன அப்பாவின் கடவுச்சீட்டு அளவுப் படத்தைக் கொடுத்து, மூன்றடிக்கு வரைந்து தரச் சொல்லும் குடும்பங்களை நம் ஊர் ஓவியர்கள் அன்றாடம் சந்திக்கிறார்கள். அங்கே வேறு வழியில்லை. அங்கேயும் விவரமான ஓவியர் மகளின் தாடையையும் மகனின் புருவத்தையும் பார்த்துக்கொள்வார், அப்பா தலையை எந்தப் பக்கம் சாய்த்துப் பேசுவார் என்று கேட்டுக்கொள்வார். அளவு எல்லாம் சரியாக இருந்தும் ‘அப்பா மாதிரி இல்லையே’ என்று வீட்டார் சொன்னால், குற்றம் அவர்களுடைய ரசனையில் இல்லை.

எல்லாருக்கும் புலியைப் பார்க்கக் கொடுத்துவைக்குமா என்பதுதான் நடைமுறையில் கனமான எதிர்ப்பு. காட்டுக்குள் போவதற்குப் பணமும் அனுமதியும் வேண்டும். கைபேசிப் படம்தான் ஏழை மாணவரின் காடு. இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் டியூரரின் முயல் எந்தக் காட்டு அதிசயமும் இல்லை. ரெம்பிராண்ட் 1637இல் கறுப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்த யானை, இலங்கையிலிருந்து கொண்டுபோய் ஐரோப்பியச் சந்தைகளில் வேடிக்கை காட்டப்பட்ட ஹான்ஸ்கென் என்ற பெண் யானை. அவர் எங்கும் போகாமல், ஊருக்கு வந்ததைக் கூர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். ஆசிய யானையின் தொங்கும் தோல் மடிப்பு அந்தச் சில கோடுகளில் இருக்கிறது. நம் தெருவில் ஆடும் மாடும் நாயும் காகமும் இருக்கின்றன. பூனையின் தோள்பட்டை அசைவது போலத்தான் புலியின் தோள்பட்டையும் அசையும். பூனைக் கண்மணி வெளிச்சத்தில் கோடாகச் சுருங்கும், புலிக்கு வட்டமாகவே இருக்கும் என்ற வேறுபாட்டையும் சேர்த்துக் கற்றுக்கொண்டால் போதும். சந்தையில் கட்டியிருக்கும் காங்கேயம் காளையின் திமிலில் சாம்பல் எங்கே கறுப்பாகிறது என்று பார்க்கக் கட்டணம் கிடையாது. வண்டலூரில் 602 ஹெக்டேரில் ஓர் உயிரியல் பூங்கா இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை இருக்கிறது. மணிக்கணக்கில் அசையாமல் போஸ் கொடுப்பதில் முதலைக்கு நிகரான மாடல் எந்தக் கலைக்கல்லூரியிலும் கிடைக்காது. சென்னை, கும்பகோணம் அரசுக் கவின்கலைக் கல்லூரிகளின் மாணவர்களுக்கு வண்டலூரில் வாரத்தில் ஒரு நாள் காலை இலவச அனுமதியும் உட்கார இடமும் கொடுக்க, அரசுக்கு ஓர் உத்தரவுக்கு மேல் செலவு இல்லை. கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் எலும்புக்கூட்டு அறைகளையும் அவர்களுக்குத் திறந்துவிடலாம்.

வாங்குகிறவர் கேட்பது பளபளப்பைத்தானே, ஓவியர் பிழைக்க வேண்டாமா என்பார்கள். வேண்டும். ஆனால் பளபளப்பை மட்டும் விற்கிற சந்தை ஏற்கெனவே கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. முடி முடியாகத் தெரியும் புலியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி சில நொடிகளில் இலவசமாகத் தருகிறது, கூடவே சில சமயம் ஐந்தாவது காலையும். அந்தப் போட்டியில் கையால் வரைகிறவர் வேகத்தாலோ துல்லியத்தாலோ ஜெயிக்கப்போவதில்லை. அதனால் மாற்றத்தைத் தொடங்க வேண்டியவர்கள் பரிசு கொடுக்கிறவர்கள். பள்ளி, கல்லூரி, வன உயிரின வார விழா என்று எங்கே காட்டுயிர் ஓவியப் போட்டி நடந்தாலும், முடித்த படத்தோடு அதே விலங்கை நேரில் பார்த்துப் போட்ட பத்து அவசர ஸ்கெட்சுகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். உருவப்படப் போட்டியில் ஆளை மேடையில் உட்காரவைத்து அங்கேயே வரையச் சொல்லலாம். முதல் ஆண்டு விண்ணப்பங்கள் பாதியாகக் குறையும். பரிசு பெறும் படங்களும் இப்போதைவிடக் கரடுமுரடாக இருக்கும், பார்வையாளர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் அதை நடுவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.